மதர்போர்ட் வாங்கப் போய் எர்த் வயரைக் கண்டுபிடித்த கதை



கொஞ்சம் நீண்ட பதிவு. பிள்ளைக்குக் கொம்பியூட்டர் வாங்க யோசிக்கும் பெற்றோர் நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். போன மாதம் முதல் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். "டீச்சர், உங்கட தம்பி கேமிங் கொம்பியூட்டர் ஒண்டு கட்டினதாமே, என்ன மதர்போர்ட் போட்டீங்க, எவ்வளவு போச்சு?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட இங்கே எழுதிவிடுவது நல்லது. விலையோடு சேர்த்து நாங்கள் விட்ட பிழையையும் எழுதுகிறோம். அதுதான் உங்களுக்கு அதிகம் பயன்படும்.

கதை 2024 ஒக்டோபரில் தொடங்குகிறது. கொரோனா காலத்தில் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது ஒன்லைன் வகுப்புக்காக வாங்கிய கொம்பியூட்டர் ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. ஏ.எல் எழுதி முடித்த தம்பி அதில்தான் கலியாண வீடியோ எடிட் பண்ணிப் பழகினான். இரவில் கேமும் விளையாடுவான், அதை மறைக்கத் தேவையில்லை. ஒரு நாள் அஸருக்குப் பிறகு இடி மின்னல் தொடங்கியது. சுவரில் இருந்த சுவிட்சை நாங்களே ஓப் பண்ணினோம். இஷாவுக்குப் பிறகு போட்டுப் பார்த்தால் அசைவே இல்லை. திருத்தும் இடத்துக்குக் கொண்டு போனோம். மதர்போர்ட் எரிந்திருக்கிறது, ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது என்றார்கள்.

அந்த டிஸ்க்கில் இரண்டு கலியாண வீடியோக்கள் இருந்தன. கெமராக் கார்ட்டுகளை அடுத்த வேலைக்காக அழித்தாயிற்று. தம்பி இரண்டு வீட்டுக்கும் போய் வாங்கிய அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தான். ஒரு வீட்டில் மணமகளின் உம்மா ஒன்றும் ஏசவில்லையாம், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். அவன் இதை எங்களிடம் சொன்னது ஏழெட்டு மாதம் கழித்துத்தான்.

2025 நடுப்பகுதியில் அவன் ஒரு பட்டியலோடு வந்தான். கலியாண வேலைகளில் சேர்த்த 90,000 ரூபா அவன் கையில் இருந்தது. மிச்சத்துக்கு உம்மாவின் சீட்டு. பதினாறு பேர், மாதம் 25,000, மொத்தம் நாலு இலட்சம். குசினிக் கூரை மாற்றுவதற்காக உம்மாவின் பேரில் வீட்டார் எல்லோரும் சேர்ந்து கட்டி வந்த சீட்டு அது. விழுந்த கிழமையே உம்மா சொல்லிவிட்டார், "அவன் எடுக்கட்டும் புள்ள. கூரைக்கு இன்னொரு மாரிக்கு வாளி வெச்சாப் போகுது."

பட்டியலைப் பார்த்தோம். மதர்போர்ட் மட்டும் 1,85,000. எக்ஸ் 870 ஈ என்கிற உயர் ரகம். புரொசசர் ரைசன் 5 7600, 62,000. கிராபிக்ஸ் கார்ட் ஆர்.டி.எக்ஸ் 5060, 1,25,000. முப்பத்திரண்டு ஜி.பி ரேம் 36,000, ஒரு டி.பி எஸ்.எஸ்.டி 24,000, பவர் சப்ளை 30,000, கேசிங் 18,000. மொத்தம் 4,80,000. மொனிட்டர் பழையதுதான்.

எங்களுக்குக் கோபம் வந்தது. புரொசசரை விட மூன்று மடங்கு விலையில் ஒரு போர்ட்டா? "இது பவுசு. உம்மாட கூரையை வித்துப் பவுசு காட்டப் போறியா?" என்று கேட்டுவிட்டோம். மச்சானும் சேர்ந்து இரண்டு வார்த்தை சொன்னார். தம்பி பதில் பேசவில்லை. அன்றிரவு சாப்பிடவும் வரவில்லை.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகுதான் பேசினான். "ராத்தா, பழைய போர்ட் மலிவு. அதாலதான் எரிஞ்சது. கரண்டை ஓப் பண்ணியும் எரிஞ்சது எண்டா போர்ட்டில்தானே பிழை? இன்னொருக்கா ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வீடியோ இல்லை எண்டு சொல்ல என்னால ஏலாது." அப்போதுதான் அந்த மணமகளின் உம்மாவைப் பற்றியும் சொன்னான்.

அவன் பவுசுக்குக் கேட்கவில்லை, பயத்தில் கேட்டான். இது விளங்கியபோது எங்களுக்கு வெட்கமாகிவிட்டது. வெட்கத்தில் மறுபக்கம் சாய்ந்தோம். சரி, அந்தப் போர்ட்டையே எடுப்போம் என்று முடிவெடுத்து, கொழும்பில் ஒரு கடைக்கு அட்வான்ஸ் அனுப்பவும் தயாராகிவிட்டோம். கார்ட்டில் தவணையாகக் கட்டலாம் என்றார்கள். ஒரு மாதம் தவறினால் வட்டி ஏறும் என்பதால் அந்தக் கதையை அதோடு விட்டோம். அந்தத் தாமதத்தில்தான் அல்லாஹ் எங்களுக்கு நலவை வைத்திருந்தான்.

படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விளங்காத ஒன்றுக்குக் காசு கொடுக்கக் கை வராது. அந்தப் போர்ட்டின் கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று தம்பியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தோம்.

முதலாவது மின்சாரம். பவர் சப்ளையிலிருந்து மதர்போர்ட்டுக்கு வருவது 12 வோல்ட். புரொசசருக்குத் தேவை கிட்டத்தட்ட ஒரு வோல்ட். ஊருக்கு வரும் பெரிய வோல்டேஜை டிரான்ஸ்போமர் 230 ஆக்கித் தருவது போல, இந்த 12 ஐ ஒன்றாக்கும் வேலையை போர்ட்டில் புரொசசரைச் சுற்றியிருக்கும் பகுதி செய்கிறது. வி.ஆர்.எம் என்பது அதன் பெயர். விலை கூடிய போர்ட்டில் அதற்கு பதினாறு, பதினெட்டு பேஸ் இருக்கும், மேலே கனமான ஹீட் சிங்க் இருக்கும். ஆனால் ரைசன் 5 7600 முழு மூச்சில் எடுப்பது 88 வொட். ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்தால் சுமார் 80 அம்பியர். பன்னிரண்டு பேஸ் உள்ள நடுத்தர போர்ட்டில் பங்கிட்டால் ஒன்றுக்கு ஏழு அம்பியர்கூட வராது. நாளைக்கு கேமுக்குப் பேர் போன 9800 எக்ஸ் 3 டி புரொசசரைப் போட்டாலும் அதன் எல்லை 162 வொட்தான். 230 வொட் வரை எடுக்கும் பதினாறு கோர் புரொசசரை நாள் முழுக்கப் பிழிகிறவர்களுக்கு அந்தப் பதினெட்டு பேஸ் பெறுமதியானது. எங்களுக்கு அது ஒரு ஆளை ஏற்ற பஸ் எடுப்பது மாதிரி.

இரண்டாவது சொக்கட்டுகளும் வேகமும். அந்தப் போர்ட்டில் எஸ்.எஸ்.டி போட ஐந்து இடம், எங்களிடம் இருப்பது ஒரு எஸ்.எஸ்.டி. செக்கனுக்கு 40 ஜிகாபிட் போகும் யூ.எஸ்.பி 4 இரண்டு உண்டு, அந்த வேகத்தில் செருக ஒரு சாமானும் எங்கள் வீட்டில் இல்லை. நெட்வேர்க் 5 ஜிகாபிட். எங்கள் வீட்டு பைபர் 100 மெகாபிட். நடுத்தர போர்ட்டில் வரும் 2.5 ஜிகாபிட்டே அதற்கு இருபத்தைந்து மடங்கு.

மூன்றாவது கிராபிக்ஸ் கார்ட் செருகும் இடம். விலை கூடிய போர்ட்டில் அது பி.சி.ஐ.ஈ 5.0, பி 650 போர்ட்டில் 4.0. கேட்டால் பெரிய வித்தியாசம் போலத் தெரியும். கேம் ஓட்டும்போது இரண்டுக்கும் இடையில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் அநேகமாக வராது. அதிலும் ஒரு விஷயம் கவனியுங்கள். சில விலை கூடிய போர்ட்டுகளில் இரண்டாவது வேகமான எஸ்.எஸ்.டியைப் போட்டால் கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போகும் பதினாறு லேன் எட்டாகக் குறையும். போர்ட்டின் மெனுவலில் சின்ன எழுத்தில் இருக்கும். வாங்க முதல் அதைப் பாருங்கள்.

ஆக, அந்தப் போர்ட் கெட்ட போர்ட் அல்ல, நல்ல சாமான். அது செய்யும் வேலை எங்கள் வீட்டில் இல்லை, அவ்வளவுதான். கேமில் படம் தடங்காமல் ஓடுவதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்ட். 1,85,000 ஐ போர்ட்டில் போட்டுவிட்டு 8 ஜி.பி கார்ட்டோடு நிற்பது, வீட்டுக்கு முன்னால் பெரிய கேட் போட்டுவிட்டுக் குசினியில் வாளி வைப்பது போல. எங்கள் வீட்டில் அது உவமைகூட இல்லை.

தம்பி எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டான். ஆனால் ஒன்றைக் கேட்டான். "அப்ப பழையது ஏன் எரிஞ்சது?"

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. எங்கள் பாடசாலையின் வயரிங் வேலைகளைச் செய்யும் ஒரு பெரியவரை வீட்டுக்குக் கூப்பிட்டோம். அவர் கொம்பியூட்டர் மேசையைப் பார்த்தார், பழைய ரெலிபோன் வயரைப் பார்த்தார், பிறகு வளவுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் வந்து சொன்னார், "போர்ட்ல பிழையில்ல புள்ள. பிழை உங்கட வீட்டில."

அவர் சொன்னது இதுதான். அந்த நேரம் எங்கள் இன்டர்நெட் ரெலிபோன் கம்பி வழியாக வந்தது. மின்னலின் அதிர்ச்சி கம்பியில் ஏறி, ரூட்டருக்குள் வந்து, அங்கிருந்து லேன் வயரால் நேரே மதர்போர்ட்டுக்குள் போயிருக்கிறது. சுவிட்சை ஓப் பண்ணினோமே என்றோம். சுவிட்ச் வெட்டுவது ஒரு வயரை மட்டும், மற்ற இரண்டும் பிளக்கில் தொடுத்தபடியே இருக்கும், பிளக்கையும் லேன் வயரையும் சேர்த்துக் கழற்றியிருக்க வேண்டும் என்றார். பிறகு வளவுக்குக் கூட்டிப் போய்க் காட்டினார். எர்த் கம்பியில் வயரைப் பிடித்திருந்த கிளாம்ப் உப்புக் காற்றில் அரித்து, வயர் தனியாக மண்ணில் கிடந்தது. எத்தனை வருடமாக அப்படிக் கிடந்ததோ, அல்லாஹ்தான் அறிவான். நாங்கள் எட்டாம் வகுப்புக்கு மின்சாரம் படிப்பிக்கிறோம். கரும்பலகையில் பச்சை மஞ்சள் வயரை வரைந்து காட்டுகிறோம். எங்கள் வளவில் அது கழன்று கிடந்தது தெரியாது.

ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்டோம். அது ஆளைக் காப்பாற்ற, மின்னலுக்கு அல்ல என்றார். சர்ஜ் புரொடெக்டர் வாங்கினாலும் அது அதிர்ச்சியைத் தள்ளிவிடுவது எர்த்துக்குத்தான், எர்த் இல்லாத வீட்டில் அது வெறும் பிளக் பேஸ் என்றார். கொம்பியூட்டரின் பெட்டியில் என்ன பாதுகாப்பு என்று அச்சடித்திருந்தாலும் அது சின்னச் சின்ன அதிர்ச்சிகளுக்கு. பக்கத்தில் விழும் இடிக்கு 58,000 போர்ட்டும் ஒன்றுதான், 1,85,000 போர்ட்டும் ஒன்றுதான்.

தம்பி வளவில் குந்தி அந்த வயரைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமாக அவன் மலிவுச் சாமானில் பழியைப் போட்டுக்கொண்டிருந்தான், அந்த மலிவுச் சாமானை வாங்கிக் கொடுத்தது நாங்கள் என்பதால் எங்கள் மேலும் கொஞ்சம் போட்டிருந்தான் போல. அன்று அது இறங்கிவிட்டது.

புதுப் பட்டியல் எழுதினோம். போர்ட் பி 650, 58,000. மிச்சம் வந்த 1,27,000 இல் 48,000 ஐக் கிராபிக்ஸ் கார்ட்டுக்குக் கூட்டி, 16 ஜி.பி உள்ள 5060 டி.ஐ எடுத்தோம். அந்தக் கார்ட்டே எட்டு லேனைத்தான் பாவிக்கும், ஆகவே பதினாறு லேன் கவலையும் இல்லை. எடிட்டிங்குக்கும் அந்த 16 ஜி.பி உதவுகிறது. எர்த் கம்பியை ஈரமண் வரை ஆழமாக இறக்கிப் புது வயர் போட கூலியோடு 14,000. யூ.பி.எஸ் 30,000. வெளியே செருகி வைக்கும் ஹார்ட் டிஸ்க் 15,000. போர்ட் எவ்வளவு உயர்ந்ததானாலும் வீடியோவைக் காப்பாற்றாது. இன்னொரு இடத்தில் இருக்கும் பிரதிதான் காப்பாற்றும். இது மூன்றும் முதல் பட்டியலில் இருக்கவே இல்லை. எல்லாம் போக 30,000 மிச்சம். அதை உம்மாவின் கையில் கொடுத்தோம்.

மச்சானும் தம்பியும் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் ஏறி இறங்கி வாங்கி வந்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஹோலில் பாய் விரித்து, வெள்ளைத் துணி போட்டுப் பொருத்தத் தொடங்கினோம். இந்த ஏ.எம் 5 சொக்கட்டில் பின்கள் புரொசசரில் இல்லை, போர்ட்டில் இருக்கின்றன. மயிர் போன்ற 1,718 பின்கள். ஒன்று வளைந்தால் வொறண்டி இல்லை. தம்பி பிஸ்மி சொல்லி வைத்தான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

பவரைப் போட்டதும் பேன் சுற்றியது, திரை கறுப்பு. போர்ட்டில் ரேமுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் லைட். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. உம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "இதுக்கும் மின்னல் அடிச்சிட்டா?" என்று கேட்டார். ஓப் பண்ணுவோம் என்று மச்சான் கையை நீட்டினார். தம்பி தடுத்தான், முதல் தடவை ரேமைப் பழக்கும், நேரம் எடுக்கும் என்று வாசித்ததாகச் சொன்னான். சொன்னானே தவிர அவனுக்கே நம்பிக்கை இல்லை. ஐந்தாவது நிமிடம் அளவில் திரை வந்தது. உம்மா சத்தமாக அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். உங்கள் வீட்டிலும் இது நடக்கும், பயப்படாதீர்கள். டி.டி.ஆர் 5 ரேம் உள்ள கொம்பியூட்டர் முதல் தடவை அப்படித்தான் எழும்பும். இடையில் ஓப் பண்ண வேண்டாம்.

கேட்டவர்களுக்கு, சுருக்கமாக:

1. முதலில் பிள்ளை அதில் என்ன செய்யப் போகிறது என்று கேளுங்கள். ஏன் அந்தச் சாமானைத்தான் கேட்கிறது என்றும் கேளுங்கள். கோபப்பட முதல் கேளுங்கள், நாங்கள் பிந்திக் கேட்டோம்.

2. மதர்போர்ட் புரொசசரின் விலையைத் தாண்டினால் நின்று யோசியுங்கள். அதற்காக ஆக மலிவானதையும் எடுக்க வேண்டாம். வி.ஆர்.எம்மின் மேல் ஹீட் சிங்க் இருக்க வேண்டும், ரேம் போட நாலு இடம் இருந்தால் நல்லது, எஸ்.எஸ்.டிக்கு இரண்டு இடமாவது வேண்டும். ஆனால் ரேம் வாங்கும்போது இரண்டு துண்டாக வாங்குங்கள், நாலு துண்டு போட்டால் வேகம் குறையும்.

3. புரொசசர் இல்லாமலே பயோஸ் புதுப்பிக்கும் பட்டன் பின்பக்கத்தில் இருக்கிறதா பாருங்கள். கடையில் நாட்பட்ட போர்ட் புதுப் புரொசசரை அடையாளம் காணாவிட்டால் அது கைகொடுக்கும்.

4. சொக்கட்டின் ஆயுளைப் பாருங்கள். ஏ.எம்.டியின் பழைய ஏ.எம் 4 சொக்கட் 2016 இல் வந்தது, 2024 இலும் அதற்குப் புதுப் புரொசசர் வந்தது. ஏ.எம் 5 ஐ 2027 வரைக்கும் அதற்கு அப்பாலும் தொடர்வோம் என்று ஏ.எம்.டி சொல்லியிருக்கிறது. இன்டெல் 2024 இல் புதுச் சொக்கட்டுக்கு மாறிவிட்டது. இப்போது நடுத்தர போர்ட் ஒன்றை வாங்கிவிட்டு, மூன்று வருடத்தில் புரொசசரை மட்டும் மாற்றுவது, இன்றைக்கே பெரிய போர்ட் வாங்குவதை விட இலாபம்.

5. வொறண்டிப் பத்திரத்தை வாசியுங்கள். எரிந்த அடையாளம் இருந்தால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். ஆகவே வொறண்டியை நம்பி எர்த்தை விட வேண்டாம்.

6. கடலோரத்தில் இருப்பவர்கள் எர்த் கிளாம்ப்பை ஒரு தடவை போய்ப் பாருங்கள். கொம்பியூட்டர் இல்லாத வீடுகளும்தான். அது கொம்பியூட்டருக்கு முன்னால் உங்கள் பிள்ளைகளுக்கான விஷயம்.

கேம் விளையாடுவது பற்றியும் கேட்டார்கள். கொம்பியூட்டர் அறையில் இல்லை, ஹோலில் இருக்கிறது. தொழுகை நேரத்தில் திரை அணைய வேண்டும், இரவு பதினொரு மணிக்கு மேல் இல்லை. இது உம்மா போட்ட சட்டம். முழுக்க நடக்கிறது என்று பொய் சொல்ல மாட்டோம், பெரும்பாலும் நடக்கிறது.

இன்று இதை எழுதும்போது ஒக்டோபர் மீண்டும் வந்துவிட்டது. நேற்று அஸருக்குப் பிறகு மேற்கே கறுத்து இடி கேட்டது. நாங்கள் சொல்ல முதலே தம்பி எழும்பி, முதலில் பிளக்கைக் கழற்றினான், பிறகு லேன் வயரைக் கழற்றினான், ஹார்ட் டிஸ்க்கை எடுத்து அலுமாரியில் வைத்தான். அதில் மூன்று கலியாணம் இருக்கிறது. அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்த இரண்டு வீட்டில் ஒரு வீட்டார் இளைய மகளின் கலியாணத்துக்கு அவனையே கூப்பிட்டிருக்கிறார்கள். அதுவும் அந்த மூன்றில் ஒன்று.

குசினிக் கூரையில் பாதிக்குப் புது ஷீட் போட்டாயிற்று. மற்றப் பாதிக்கு அவன் ஒவ்வொரு கலியாணக் காசிலும் ஒரு பங்கு உம்மாவிடம் கொடுக்கிறான். நேற்றைய மழைக்கு ஒரு வாளி போதுமாக இருந்தது. போன வருடம் மூன்று.

இந்த மாரி எல்லோருக்கும் ஆபத்தில்லாத மழையாக அமையட்டும். எங்கள் உம்மாவுக்காகவும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.